இருபது பிட் ஒலியும் முப்பத்திரண்டு பிட் கலமும்

ஒலியைக் கணிப்பொறியில் பதிவு செய்தல் என்பது ஒருவகை அளத்தலேயாகும். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னழுத்தம் வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. இவ்வெண்ணுக்கு 'மாதிரி' என்று பெயர். தொலைபேசியில் வினாடிக்கு 8,000 மாதிரிகளும், 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 மாதிரிகளும் எடுக்கப்படுகின்றன. எத்தனை முறை அளப்பது என்பது ஒரு கேள்வி. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுட்பமாக அளப்பது என்பது மற்றொன்று. இங்கு விளக்கப்படுவது இரண்டாவது கேள்வியும், அதனால் கணிப்பொறியின் உள்ளே எழும் ஒரு சிக்கலுமாகும்.

நுட்பத்தின் அளவு பிட் என்னும் அலகால் குறிக்கப்படும். ஒரு பிட் கூடினால் அளவுகோலின் படிகள் இருமடங்காகும். இது தமிழர்க்குப் புதிய கணக்கன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று இரட்டித்துச் செல்லும் முகத்தலளவையைப் பழைய வாய்பாடு கற்றோர் நன்கறிவர். 8 பிட்டுகளால் 256 படிகளும், 16 பிட்டுகளால் 65,536 படிகளும், 24 பிட்டுகளால் 1,67,77,216 படிகளும் கிடைக்கின்றன. ஒவ்வொரு பிட்டுக்கும் ஏறக்குறைய 6 டெசிபெல் வீதம், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே அளக்கத்தக்க இடைவெளி விரிகிறது. ஆகவே 16 பிட்டுக்கு 96 டெசிபெல், 24 பிட்டுக்கு 144 டெசிபெல் என்று கொள்ளலாம்.

பம்பாயில் மாதுங்காவையும் சயானையும் ஒட்டியுள்ள ஷண்முகானந்த அரங்கில் கச்சேரி கேட்டவர்களுக்கு இவ்விடைவெளியின் பொருள் எளிதில் விளங்கும். தம்புராவின் நாதம் தேய்ந்து மறையும் கணமும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தீர்மானம் விழும் கணமும் ஒரே பதிவில் அடங்கவேண்டும். கேட்பதற்கு 16 பிட்டுகள் போதுமானவையே. ஆயினும் பதிவு செய்பவர், எந்தக் கணத்தில் ஒலி எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டி அறியார். எல்லையைத் தாண்டிய ஒலி முகடு வெட்டப்பட்டுக் கெட்டுவிடும் என்று அஞ்சி, அளவைச் சற்றுத் தாழ்த்தியே வைப்பார். அவ்வாறு 20 டெசிபெல் தாழ்த்தினால் மூன்று பிட்டுகளுக்கு மேல் வீணாகின்றன. இந்த இழப்பை ஈடுசெய்யவே 18, 20, 24 பிட் கருவிகள் தோன்றின. நடைமுறையில், மிகச் சிறந்த கருவிகளிலும் மின்சுற்றுகளின் சொந்த இரைச்சல் காரணமாக உண்மையாகப் பயன்படுபவை ஏறக்குறைய 20 அல்லது 21 பிட்டுகளே. பெட்டியின் மேல் 24 என்றும் 32 என்றும் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு மயங்கவேண்டியதில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இக்காலக் கணிப்பொறிகள் எட்டு பிட்டுகள் கொண்ட பைட்டு என்னும் கூறுகளாகவே நினைவகத்தைப் பகுத்துள்ளன. அவற்றையும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்ற தொகுதிகளாகவே எளிதில் கையாளுகின்றன. 8, 16, 32 பிட் மாதிரிகள் இவற்றில் பழுதின்றிப் பொருந்தும். 12, 18, 20, 24 ஆகியவை பொருந்தா. இவற்றையே வழக்கத்துக்கு மாறான மாதிரி அளவுகள் என்கிறோம்.

இவை எக்காலத்தும் வழக்கத்துக்கு மாறானவையாக இருந்தனவா என்றால், இல்லை. அதற்குப் பம்பாய் நகரமே சான்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டு 1960-இல் செயற்படத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியின் சொல்லளவு 40 பிட். அதே நிலையத்திற்கு 1964-இல் அமெரிக்காவிலிருந்து வந்த சி.டி.சி. 3600 இயந்திரத்தின் சொல்லளவு 48 பிட். செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வடிவமைக்கப்பட்டு 1969-இல் வெளிவந்த டி.டி.சி. 12 என்னும் கணிப்பொறி, பெயருக்கேற்ப 12 பிட் சொல்லளவு கொண்டது. டிஃப்ராக்கின் ஒரு சொல்லில் இரண்டு 20 பிட் எண்கள் இடைவெளியின்றி அடங்கும். சி.டி.சி. 3600-இன் ஒரு சொல்லில் இரண்டு 24 பிட் எண்கள் அடங்கும். டிராம்பே இயந்திரத்தில் 12 பிட் எண் ஒன்று சரியாக அமரும். இன்று ஒலித்துறையினருக்குத் தொல்லை தரும் மூன்று அளவுகளும் அன்றைய பம்பாய்க் கணிப்பொறிகளில் இயல்பாகவே இடம்பெற்றிருக்கும். 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 வரிசை எட்டு பிட் பைட்டை நிலைநாட்டியது. பிறவகைச் சொல்லளவுகள் நாளடைவில் மறைந்தன. ஒலியை எண்ணாக மாற்றும் சுற்றுகளோ இத்தீர்ப்புக்குக் கட்டுப்படவில்லை. எத்தனை பிட் நுட்பம் கைகூடிற்றோ அத்தனை பிட்டுகளையே அவை தந்தன.

ஒலிச் சுற்றுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் இடையே நின்று, ஒன்றன் வழக்கத்தை மற்றதற்கு எடுத்துரைக்கும் பணி இயங்குதளத்தின் ஒலி இயக்கியைச் சார்ந்தது. இயக்கி என்பது டிரைவர் என்று வழங்கும் சிறு நிரலேயாகும். வழக்கத்துக்கு மாறான மாதிரி ஒன்று வந்தால், அவ்வியக்கி மூன்று வினாக்களுக்கு ஐயமற விடை கூறவேண்டும். மாதிரியில் பொருளுள்ள பிட்டுகள் எத்தனை? அது எத்தனை பைட்டுக் கலத்தில் வைக்கப்பட்டுள்ளது? கலத்தின் எப்பக்கத்தை ஒட்டி வைக்கப்பட்டுள்ளது?

மூன்றாம் வினா சிறிதாகத் தோன்றினும் விளைவு பெரிது. கணக்கேட்டில் ரூபாய்ப் பத்தியும் பைசாப் பத்தியும் இருப்பதாகக் கொள்வோம். பெரிய மதிப்புகள் உரிய பத்தியில் எழுதப்பட்டிருக்குமானால், பைசாப் பத்தியை ஒருவர் மறைத்துப் படித்தாலும் கணக்கு பெரிதும் பிசகாது. எண்கள் முழுவதும் வலப்புறம் நகர்ந்து ரூபாய்கள் பைசாப் பத்தியில் விழுந்திருந்தாலோ, நூறு ரூபாய் ஒரு ரூபாயாகிவிடும். ஒலி மாதிரியிலும் இதுவே நிகழும். 24 பிட் மாதிரியை 32 பிட் கலத்தின் மேற்பக்கத்தை, அதாவது உயர்மதிப்புப் பக்கத்தை ஒட்டி வைத்தால், கீழேயுள்ள 8 பிட்டுகள் சுழியங்களாக நிற்கும், அவற்றால் தீங்கில்லை. கீழ்ப்பக்கத்தை ஒட்டி வைத்ததை மேற்பக்கம் ஒட்டியதாகக் கொண்டு படித்தால், ஒவ்வோர் எண்ணும் 256-இல் ஒரு பங்காகத் தோன்றும். இது 48 டெசிபெல் குறைவு. உரத்த பேச்சும் அநேகமாகக் கேளாது. இதற்கு எதிர்மாறான பிழையில், மெல்லிய பகுதிகள் பன்மடங்கு உரத்தும், மற்றவை கணக்கெல்லையை மீறிச் சுற்றி வந்து வெறும் இரைச்சலாகவும் ஒலிக்கும்.

மேற்பக்கம் ஒட்டி வைக்கும் முறையின் சிறப்பை முன்னரே உணர்ந்தவர்கள், சுற்றுகளை இணைக்கும் விதிகளை வகுத்த பொறியாளர்கள். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ஐ-ஸ்கொயர்-எஸ் என்னும் இணைப்பு விதியின்படி, உயர்மதிப்புப் பிட்டே முதலில் அனுப்பப்படும். பெறும் சுற்று அதிக நுட்பமுடையதாயின், வராத பிட்டுகளைச் சுழியமாகக் கொள்ளும். குறைந்த நுட்பமுடையதாயின், மிகுந்து வருபவற்றைப் புறக்கணிக்கும். அனுப்புவோரும் பெறுவோரும் ஒருவர் மற்றவரின் அளவை அறியவேண்டிய தேவையே இல்லை. இவ்வளவு எளிய விதி நிரல்களின் உலகில் ஒருமுகமாகப் பின்பற்றப்படாதது வருந்தத்தக்கதே.

ஓபன் பி.எஸ்.டி. என்னும் இயங்குதளம் மூன்று வினாக்களுக்கும் மூன்று தனித்தனி எண்களை வைத்துள்ளது. இது மிகத் தெளிவான முறை. விண்டோஸ் கலத்தின் அளவையும் பொருளுள்ள பிட்டுகளின் எண்ணிக்கையையும் தனியே குறித்து, மாதிரி எப்போதும் மேற்பக்கம் ஒட்டியே நிற்கவேண்டும் என்று விதிக்கிறது. லினக்ஸின் ஆல்சா என்னும் ஒலி அமைப்பில் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பெயர் உண்டு. அங்கு 24 பிட் ஒலி மட்டுமே மூன்று உருவங்களில் காணப்படும். நான்கு பைட்டுக் கலத்தின் கீழ் மூன்று பைட்டுகளில் அமர்வது ஒன்று. இடைவெளியின்றி மூன்று பைட்டுகளாக அடுக்கப்படுவது ஒன்று. முழு 32 பிட் மாதிரி என அறிவித்து, 'இதில் மேலுள்ள 24 மட்டுமே பொருளுடையவை' என்ற குறிப்பைச் சேர்ப்பது மற்றொன்று. கடைசி முறையால் 18, 20 பிட் சுற்றுகளுக்கும் புதுப்பெயர் தேவையின்றி இடம் கிடைக்கிறது. இயக்கி எழுதுவோர் பலர் இதனை விரும்புவது இயல்பே.

மூன்று பைட்டு அடுக்கு ஏன் தேவைப்பட்டது என்று வாசகர் கேட்கலாம். இடச் சிக்கனமே காரணம். பழைய முழுவேக யு.எஸ்.பி. இணைப்பில் வினாடிக்கு 1.2 கோடி பிட்டுகள், அதாவது ஒரு மில்லிவினாடிக்கு 1,500 பைட்டுகள் செல்லும். வினாடிக்கு 96,000 மாதிரிகள் வீதம் இரு தடங்களில் ஒலியைப் பதிவு செய்துகொண்டே ஒலிபரப்பவும் வேண்டுமானால், நான்கு பைட்டுக் கலங்களுக்கு மில்லிவினாடிக்கு 1,536 பைட்டுகள் வேண்டும். அது இணைப்பில் அடங்காது. மூன்று பைட்டுகளாயின் 1,152 போதும். இதனாலேயே கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. ஒலிக்கருவிகள் பல இம்முறையைக் கையாளுகின்றன.

சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. நினைவகத்தில் ஒலிக்கென ஒதுக்கப்படும் பகுதி பெரும்பாலும் 4,096 பைட்டு போன்ற இரட்டிப்பு எண்ணாகவே இருக்கும். இரு தட ஒலியின் ஒரு தொகுதி ஆறு பைட்டு. 4,096-ஐ ஆறால் வகுத்தால் 682 தொகுதிகள் போக 4 பைட்டுகள் மிஞ்சும். அம்மிச்சத்தை இயக்கி கவனியாவிட்டால் அடுத்த சுற்றில் ஒவ்வொரு மாதிரியும் இடம் மாறி நின்று, இசை இரைச்சலாகும். எனவே ஒதுக்கீட்டை 4,092 என்பதுபோல் ஆறின் மடங்காக அமைத்தல் வேண்டும். நாழி, குறுணி, பதக்கு என்று இரண்டின் வழியே சீராக வந்த முகத்தலளவை, மூன்று தூணி ஒரு கலம் என்னுமிடத்தில் திடீரென வழிமாறுவதை மாணவர்கள் மறந்து பிழை செய்வதுண்டு. இயக்கி எழுதுவோரின் பிழையும் ஏறத்தாழ அத்தகையதே.

இவையனைத்தும் நிரலாளர் கவலை என்று களப்பணியாளர் ஒதுக்கிவிட இயலாது. தாராவியில் பல தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் உள்ளன. அக்குடும்பங்களின் மூதாட்டி ஒருவர் பாடும் தாலாட்டையோ ஒப்பாரியையோ பதிவு செய்யச் செல்பவர், இரண்டாம் வாய்ப்பு கிடைக்கும் என்று எண்ணிச் செல்ல முடியாது. தையல் இயந்திரங்களும் புறநகர் ரயிலும் ஓயாது ஒலிக்கும் அச்சந்துகளில் 24 பிட் நுட்பம் முழுவதும் பயன்படப்போவதில்லை. எனினும், அளவைத் தாழ்த்தி வைத்துக் கவலையின்றிப் பதிவு செய்ய அது உதவும். அத்தகைய பதிவு கேளாத அளவு மெலிந்து வந்தால் என் செய்வது?

கோப்பு மூல உருவில் இருக்குமானால் அஞ்சவேண்டியதில்லை. கீழ்ப்பக்கம் ஒட்டிய மாதிரிகளை 256-ஆல் பெருக்கினால் ஒலி முழுமையாக மீளும். மூன்று பைட்டு அடுக்கை நான்கு பைட்டாகப் படித்ததால் வெறும் இரைச்சலாகி, நேரமும் முக்கால் பங்காகச் சுருங்கியிருந்தால், மூன்று பைட்டு என்று குறித்து மீண்டும் படித்தால் போதும். ஆனால், மெலிந்த அப்பதிவை இடம் மிச்சப்படுத்தும் பொருட்டு 16 பிட்டாகக் குறைத்து மூலத்தை அழித்துவிட்டால், மீளவழியில்லை. 32 பிட்டில் மேலுள்ள 16 மட்டும் எஞ்சும். அவற்றுள் முதல் எட்டு வெறுமையானவை. ஒலியின் எட்டு பிட்டுகளே தங்கும். பின்னர் எவ்வளவு பெருக்கினும் கரகரப்பும் உடன் பெருகும். ஆகவே பதிவு எவ்வளவு பழுதாகத் தோன்றினும், மூலக் கோப்பை மாற்றாமல் ஒரு படி எடுத்து வைத்த பின்னரே பிறவற்றைச் செய்தல் வேண்டும்.

புறப்படுமுன் செய்யத்தக்க சோதனையும் எளியதே. வினாடிக்கு 48,000 மாதிரி வீதம் இரு தடங்களில் ஒரு நிமிடம் பதிவு செய்து கோப்பின் அளவைக் காண்க. ஏறக்குறைய 1,15,20,000 பைட்டுகளாயின் கலம் இரண்டு பைட்டு. 1,72,80,000 ஆயின் மூன்று. 2,30,40,000 ஆயின் நான்கு. ஒரு தடமாயின் இவற்றில் பாதி. அதன்பின் ஒலிவாங்கியின் அருகே பலமாகக் கைதட்டி, பதிவில் முகடு எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கவேண்டும். எல்லையை நெருங்கவேண்டிய முகடு 48 டெசிபெல் தாழ்ந்து நின்றால், மாதிரி தவறான பக்கத்தை ஒட்டி நிற்கிறது என்று ஐயுறலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். பள்ளி ஆய்வுக்கூடங்களில் வழங்கும் அர்டுயினோ ஊனோ பலகையின் அளவீட்டுச் சுற்று 10 பிட் கொண்டது. 0 முதல் 1,023 வரை எண்களைத் தரும். 2021-இல் வந்த ராஸ்ப்பெரி பை பிக்கோ பலகையில், டிராம்பேயின் பழைய கணிப்பொறிக்குரிய அதே 12 பிட் அளவு மீண்டும் காணப்படுகிறது. ஊனோ பலகையுடன் ஒலிவாங்கிச் சுற்று ஒன்றை இணைத்துப் பெற்ற எண்களை அப்படியே 16 பிட் ஒலிக்கோப்பாக்கினால், மாணவரின் குரல் ஏறக்குறைய கேளாத அளவு மெலிந்திருக்கும். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 512-ஐக் கழித்து, விடையை 64-ஆல் பெருக்கச் செய்க. எண்கள் −32,768 முதல் 32,704 வரை பரவி, அதே குரல் தெளிவாக எழும்.