வெள்ளைத் துணியில் கறையா?

மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவந்துவிடும். பயப்பட வேண்டாம்! சோப்பில் உள்ள காரம்தான் மஞ்சளைச் சிவக்க வைக்கிறது. நன்றாக அலசி, கறை மேலே தெரியும்படி வெயிலில் போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது. ஒரே நாளில் போகாவிட்டால் மறுநாளும் போடுங்கள்.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை நூலில் பிடித்துக்கொள்ளும்.

இரும்புத் துரு பட்ட இடத்தில் எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தடவி, வெயிலில் வைத்து அலசுங்கள். இது வெள்ளைத் துணிக்கு மட்டுமே. சாயத் துணி வெளுத்துப்போகலாம்.

ஆனால் ஒன்று! துணி இன்னும் வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிவிடாதீர்கள். குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். கண் எரியும், மூச்சு முட்டும். மூடிய குளியல் அறையில் உயிருக்கே ஆபத்து. நெடி வந்தால் வாளியை அப்படியே விட்டுவிட்டு, குழந்தைகளோடு வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தார்கள். அந்த மண்ணிலும் சோடா உப்புதான் இருக்கிறது. பட்டுக்கு அது ஆகாது. பூந்திக்கொட்டைத் தோலை ஊறவைத்துக் கசக்கிய நுரையே நல்லது.

வாழைக் கறையா? அது லேசில் போகாது. அந்த வேட்டி தோட்ட வேலைக்கு ஆகும்!