சராசரி சொல்லாத கணக்கு

ஒரு குழு ஊர் சராசரியைவிடப் பின்தங்கியிருக்கிறதா? தாராவி போன்ற இடங்களில் இந்தக் கேள்விக்குச் சோறும் மருந்தும் கட்டுப்பட்டிருக்கின்றன.

2020 ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் பகுதிகள் அடங்கிய மூன்று மும்பை வார்டுகளில் 6,936 பேரிடம் ரத்தம் எடுக்கப்பட்டது. யார் யாருக்குக் கொரோனா வந்துபோயிருக்கிறது என்று கண்டறிய மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு அது. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு நோய் வந்துபோன அடையாளம் இருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம்தான். இரண்டையும் கலந்து ஒரே சராசரி போட்டிருந்தால் அது எந்த மும்பைக்கும் பொருந்தியிருக்காது.

வித்தியாசம் இவ்வளவு பெரிதாகவும், ஆட்கள் இத்தனை பேராகவும் இருந்தால் சந்தேகமில்லை. சிக்கல் சின்னக் குழுக்களில்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி நான்கு வயது ஆண் குழந்தையின் எடை 16.3 கிலோ. இந்தியா உள்பட ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து கண்ட கணக்கு. தாராவி அங்கன்வாடிகளில் அதே வயதுள்ள 25 பையன்களை நிறுத்ததில் சராசரி 15.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 0.8 கிலோ குறைவு. ஊட்டக்குறைவா, தற்செயலா?

இதற்கு வழி சொன்னவர் டப்ளின் நகர கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் டி-சோதனை. பையன்களின் எடை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதைத் திட்ட விலக்கம் காட்டும். அது 2 கிலோ என்றால், 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுக்க வேண்டும்: 0.4. குறைவான 0.8ஐ இந்த 0.4ஆல் வகுத்தால் 2. வழக்கமான 5 சதவீத எல்லையைத் தாண்ட, 25 பேருக்கு 2.06 வேண்டும். மயிரிழையில் தவறிவிட்டது!

இதே சராசரி, இதே சிதறல், ஆனால் 100 பையன்கள் என்றால்? விடை 4. எல்லையோ 1.98தான். குழந்தைகளின் எடை மாறவில்லை, எண்ணிக்கைதான் கூடியது.

ஆபத்து இங்கேதான். 'நிரூபணமாகவில்லை' என்பதை 'குறையே இல்லை' என்று ஓர் அதிகாரி படித்துவிட்டால், சத்துணவுக்கான கோப்பு மூடப்படும். 25 பேரை நிறுத்த சோதனைக்குக் குறையைக் கண்டுபிடிக்கும் பலம் போதவில்லை என்பதே சரியான வாசிப்பு.

இன்னொன்று: அங்கன்வாடிக்கு வராத குழந்தை தராசில் ஏறவே இல்லை. நேற்றுதான் ஊரிலிருந்து வந்து இறங்கிய குடும்பத்தின் பிள்ளை, பெயர் பதியாத பிள்ளை. இவர்கள்தான் அதிகம் மெலிந்தவர்கள் என்றால் சராசரியே பொய் சொல்லும். எந்தச் சூத்திரமும் அதைத் திருத்தாது. கணக்குப் போடுவதற்கு முன் சந்துக்குள் போய் அவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும்.