குழம்பில் போட்ட உப்பும் ஜாடியில் போட்ட உப்பும்

ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் நுழைந்து எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மாற்றி ரீலோட் செய்கிறீர்கள், வேலை செய்கிறது. பிறகொரு நாள் புதிய பதிப்பை ஏற்றியதும் அந்த வரியைக் காணோம்.

கொதிக்கும் குழம்பில் உப்பு குறைகிறதென்று கொஞ்சம் போட்டால் அந்தக் குழம்பு சரியாகிவிடும். ஆனால் செய்முறைக் குறிப்பு மாறாது. நாளைய குழம்பிலும் உப்பு குறையும். டாக்கரில் இமேஜ்தான் அந்தக் குறிப்பு. அதன் அடுக்குகள் எல்லாமே படிக்க மட்டும். கன்டெய்னரை உருவாக்கும்போது அவற்றின் மேல் எழுதக்கூடிய அடுக்கு ஒன்று சேர்கிறது. ஒரு கோப்பைத் திருத்தினால் அதன் நகல் மேலடுக்குக்கு ஏறும். திருத்தம் நகலில்தான் விழும், மூலம் கீழே அப்படியே கிடக்கும்.

கன்டெய்னரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் இந்த மேலடுக்கு அழியாது. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கியிருக்கிறோம், அவ்வளவே. கன்டெய்னரை நீக்கும்போதுதான் பாத்திரம் கழுவப்படுகிறது. பதிப்பை உயர்த்துவதென்றால் பழையதை நீக்கிப் புதியதை உருவாக்குவதுதான். அதனால்தான் அந்த வரி போனது. கான்ஃபிக் கோப்பை வெளியே வைத்து பைண்ட் மவுன்டாக உள்ளே காட்டுங்கள், அல்லது இமேஜையே திருத்திக் கட்டுங்கள்.

தரவுக்கு இடம் வால்யூம். பாத்திரங்கள் கழுவப்பட்டாலும் அலமாரியில் நிற்கும் ஊறுகாய் ஜாடி அது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அதிகாரபூர்வ இமேஜ், நீங்கள் கேட்காவிட்டாலும் தரவுக்கென ஒரு வால்யூமை உருவாக்கிக்கொள்ளும். ஆனால் அது பெயர் ஒட்டாத ஜாடி. கன்டெய்னரை நீக்கிப் புதிதாக ஓட்டினால் வேறொரு காலி ஜாடி கிடைக்கும். தரவெல்லாம் போய்விட்டதே என்று பதறுகிறவர்கள் முதலில் வால்யூம் பட்டியலைப் பார்க்க வேண்டும். பழைய ஜாடி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதற்குள் இடம் பிடிக்கிறதென்று வால்யூம் ப்ரூன் கட்டளையை ஓட்டிவிடாதீர்கள். தொடக்கத்திலேயே பெயர் வைத்துவிட்டால் இந்தப் பதற்றமே இல்லை.

பலரை மணிக்கணக்கில் அலைக்கழிப்பது கடவுச்சொல்தான். போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்ட் என்ற சூழல் மாறியை மாற்றி கன்டெய்னரைப் புதிதாக உருவாக்குவார்கள். பழைய கடவுச்சொல்லே செல்லுபடியாகும். அந்த மாறி படிக்கப்படுவது தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும். ஊறிவிட்ட ஊறுகாய்க்கு, சமைப்பவரிடம் புது உப்புக் கணக்கு சொல்லி என்ன பயன்? ஜாடியையே திறக்க வேண்டும்: தரவுத்தளத்துக்குள் போய் ஆல்டர் யூசர் கட்டளையால் மாற்றுங்கள். தரவை அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லும் யோசனை, உண்மையான தரவு உள்ள இடத்தில் ஆபத்தானது.

மற்ற மென்பொருள்களிலும் ஓடும் கன்டெய்னரின் சூழல் மாறிகளை வெளியிலிருந்து மாற்ற வழியில்லை. டாக்கர் அப்டேட் கட்டளை நினைவக வரம்பு, சிபியூ பங்கு, ரீஸ்டார்ட் கொள்கை போன்றவற்றோடு நின்றுவிடும். டாக்கர் கம்போஸ் கோப்பைத் திருத்திவிட்டு ரீஸ்டார்ட் கொடுப்பதும் வீண். பழைய அமைப்புடனே எழும். அப் கட்டளை கொடுத்தால் மாறிய சேவைகளை மட்டும் புதிதாக உருவாக்கி, வால்யூம்களைத் திரும்ப இணைத்துவிடும்.

கம்போஸின் டவுன் கட்டளையும் பெயர் வைத்த வால்யூம்களைத் தொடாது. அதனுடன் ‘வி’ என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்தால், கம்போஸ் கோப்பில் அறிவித்த ஜாடிகளும் சேர்ந்து போய்விடும். உறுதிதானா என்று அது ஒரு வார்த்தை கேட்பதில்லை.