பிள்ளைக்கென ஒரு தலைக்கவசம்

தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில், மகாத்மா காந்தி கடற்பூங்காவின் வாயிலாக விளங்குவது வண்டூர். 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து அங்குச் செல்ல ஏறத்தாழ 25 முதல் 30 கிலோமீட்டர் சாலைப் பயணம். குடும்பத்தோடு ஸ்கூட்டரில் செல்வோரிடையே, நம் நாட்டில் எங்கும் காணும் காட்சி இங்கும் உண்டு. தந்தையின் தலையில் கவசம் இருக்கும். அவர் முன்னே நிற்கும் பிள்ளையின் தலையோ வெறுந்தலையாக இருக்கும். காக்கப்பட வேண்டிய முறைக்கு இது நேர்மாறானதன்றோ?

பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. வளர்ந்தோருக்கோ எட்டில் ஒரு பங்கே. தலை கனமானது, கழுத்து வலுவற்றது, மண்டையோடு மெல்லியது. ஆகவே, பிள்ளை விழும்போது தலை எளிதில் தரையில் மோதுகிறது.

“மெதுவாகத்தானே போகிறோம்” என்பர் பெற்றோர். ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையே, தரையைத் தொடுகையில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் பெற்றுவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும்.

தலைக்கவசம் இதனை எவ்வாறு தடுக்கிறது? உள்ளேயுள்ள தடித்த நுரைப்பொருள் நசுங்கி, தலை நிற்பதற்குச் சற்றே கூடுதலான தூரத்தையும் நேரத்தையும் அளிக்கிறது. மூளையைத் தாக்கும் விசை அதனால் குறைகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் உதவாது. பெரும் மோதலுக்கு உள்ளான கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

1935ஆம் ஆண்டில் டி. இ. லாரன்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேயர், மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்தார். ஆறாம் நாள் மாண்டார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ், பின்னர் படைத்தூதர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் பயனை 1941இல் எடுத்துக்காட்டினார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடு, மோட்டார் சைக்கிளில் செல்வோருக்குத் தலைக்காயத்தின் வாய்ப்பைக் கவசம் 69 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது.

நம் சட்டமும் பிள்ளைகளை மறக்கவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நான்கு வயதைக் கடந்தோருக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் கவசம் வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரை மிஞ்சலாகாது.

“தலைக்குப் பொருந்தும்” என்னும் சொல்லே இங்கு உயிரானது. பெரியவரின் கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டினால், வீழ்ச்சியின்போது அது கழன்றோடும். மிதிவண்டிக் கவசமாயின், அதன் விளிம்பு புருவத்திற்கு இரண்டு விரற்கடை மேலே அமைய வேண்டும். வார்கள் காதைச் சூழ்ந்து மோவாயின்கீழ் இறுக வேண்டும். ஒரு விரல் மட்டுமே நுழையலாம். தலையை அசைத்தால் கவசம் நகரலாகாது. மோட்டார் வண்டிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதையே வாங்குக. பிள்ளை வளர்ந்தால் சட்டையை மாற்றுகிறோம், கவசத்தையும் மாற்றுவோம்.

மிதிவண்டி பழகும் சிறுவர் வீட்டுவாசலில் விழுந்தாலும் விழிப்பு வேண்டும். தொடர்வாந்தி, மிகுந்த உறக்கம், வலிப்பு, குழப்பம், காது மூக்குகளில் குருதியோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரைக. தீவுகளின் தலைமை மருத்துவமனையான கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை தலைநகரில் உள்ளது. வண்டூரிலிருந்து அத்தனை தொலைவும் கடந்தே அதனை அடைய வேண்டும். அந்தத் தொலைவைக் கருதியேனும், புறப்படுமுன் பிள்ளையின் மோவாயின்கீழ் வாரைப் பூட்டுவோமாக.