கோதுமை ஒவ்வாத வயிறும் பரம்பரைப் பரிசோதனையும்



மாதக் கணக்கில் வயிற்றோட்டம், வயிறு ஊதல், குளிசை எடுத்தும் தீராத இரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத பிள்ளை. இவற்றின் பின்னால் சில வேளை 'சீலியாக்' என்ற நோய் இருக்கலாம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போனதும், உடல் தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்ளும் நோய் இது. பார்லியிலும் இத்தகைய புரதம் உண்டு. ஆகவே, நோயாளிக்கென்று நாம் அன்போடு காய்ச்சிக் கொடுக்கும் தல்பீனா இவர்களுக்கு ஆகாது.

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வரக்கூடும். அதனால்தான் பரம்பரைப் பரிசோதனை என்ற பேச்சு எழுகிறது. சிறிது இரத்தம் எடுப்பார்கள். அல்லது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள். கொவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட பீ.சீ.ஆர். முறையில், டீ.கியூ.2, டீ.கியூ.8 என்ற பரம்பரை அலகுகள் இருக்கின்றனவா என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இனி வருமென்ற பயமும் வேண்டியதில்லை.

'உண்டு' என்று வந்தால்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றைப் பாருங்கள். 23,000க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். இந்த அலகுகள் வட இந்தியரில் நூற்றுக்கு 38 பேரிடமும், தென்னிந்தியரில் 36 பேரிடமும் இருந்தன. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நோயின் அடையாளமான பிறபொருளெதிரி வடக்கே ஆயிரத்தில் 12 பேரிடம் காணப்பட, தெற்கே ஒருவரிடம் மட்டுமே காணப்பட்டது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம்! அலகு மட்டும் நோயாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றில் ஒருவரிடம் இருக்கும் ஒன்றைக் காட்டி மருமகளின் குடும்பத்தைக் குறை கூறுவதும், ஒரு குமரின் சம்பந்தத்தைத் தட்டிவிடுவதும் பெரும் அநியாயம். அதே அலகு மாமியாரிடமும் இருக்கலாமே!

நோய்க்கு மருந்து செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் வைத்தியரிடம் போங்கள். முதலில் பிறபொருளெதிரிக்கான இரத்தப் பரிசோதனை; தேவைப்பட்டால் குழாய் விட்டுச் சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். இவை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இருக்கும் நோயும் இல்லையென்றே காட்டிவிடக்கூடும். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்குப் பரம்பரைப் பரிசோதனை நன்கு உதவும். உணவு எதுவானாலும் அதன் முடிவு மாறாது.

நோய் உறுதியானால் ஆயுள் முழுவதும் கோதுமையை விட வேண்டும். சீகிரியாவைச் சுற்றிய நெற்காணிகளின் நடுவே வாழும் நமக்கு இது அவ்வளவு பாரமில்லை. சோறு, நோன்புக் கஞ்சி, அரிசி மா இடியப்பம் எல்லாம் இருக்கின்றன. குரக்கன் ரொட்டியும் ஆகும். ஆனால் பதம் வருவதற்கென்று அதில் ஒரு பிடி கோதுமை மா சேர்க்கிறோமே, அந்த ஒரு பிடியும் கூடாது.