மனச்சோர்வு மாத்திரையும் கவனக்குறைவு மாத்திரையும்: சேரும்போதும் நிறுத்தும்போதும்

ஒரே ஆளுக்கு இரண்டு மருந்துச் சீட்டுகள் இருப்பது இன்று நம் வீடுகளில் அபூர்வமல்ல. ஒன்று மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எழுதியது. மற்றது ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறுக்கு. பின்னது ஓரிடத்தில் உட்காராத சிறு பிள்ளைகளின் சமாச்சாரம் என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். கல்லூரி மாணவர்களுக்கும் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கும் அது இருப்பதை டாக்டர்கள் இப்போது கண்டு சொல்கிறார்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் வருவது மற்றவர்களைவிட அதிகம். ஆகவே இரண்டு மருந்துகளும் ஒரே டப்பாவில் வந்து சேர்வதில் வியப்பில்லை.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மகனுக்கு ஒரு மருந்தை இங்குள்ள டாக்டர் எழுதியிருப்பார். விடுமுறைக்குப் போன இடத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்த டாக்டர் இன்னொன்றை எழுதியிருப்பார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மனநோய்க்கான மருந்து என்பதால் வெளியில் சொல்லக் கூச்சம் வேறு. இந்த இரண்டு சீட்டுகளும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கப்படாததால்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன.

முதலில் மருந்துகளின் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். கம்பெனிக்குக் கம்பெனி அட்டையின் மேல் போடும் பெயர் மாறும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் உண்மைப் பெயர். மனச்சோர்வுக்கு நம் நாட்டில் அதிகம் தரப்படுபவை ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்றவை. ஏ.டி.எச்.டி.க்கு முக்கியமாக இரண்டு: மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்ஸெடின். அமெரிக்காவில் சாதாரணமாகக் கொடுக்கப்படும் ஆம்ஃபெடமின் வகை மாத்திரைகள் இங்கே மருந்துக்கடைகளில் கிடைப்பதில்லை.

இவற்றில் அடோமாக்ஸெடினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதை உடம்பிலிருந்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள சிஒய்பி 2டி6 என்ற நொதி. ஒரே ஒரு கவுண்டர் மட்டும் திறந்திருக்கும் ரயில்வே ரிசர்வேஷன் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளுவாக்ஸெடினும் பராக்ஸெடினும் அந்தக் கவுண்டரை அடைத்துக்கொண்டு நகராமல் நிற்கும் ஆசாமிகள். பின்னால் நிற்கும் அடோமாக்ஸெடின் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்குகிறது. வழக்கமாக 5 மணி நேரத்தில் பாதியாகக் குறைய வேண்டியது, குறைய 20 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அதன் மொத்த அளவு 6 முதல் 8 மடங்குவரை உயரலாம். மனச்சோர்வுக்கும், புகைப்பழக்கத்தை விடவும் தரப்படும் புப்ரோப்பியானும் இதே கவுண்டரைத் தடுப்பதுதான். செர்ட்ரலினும் எஸ்சிடலோபிராமும் வழக்கமான அளவில் அவ்வளவாகத் தொல்லை செய்வதில்லை.

இதனால் வீட்டில் நடப்பது என்ன? ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு இளைஞர் அடோமாக்ஸெடின் 80 மில்லிகிராம் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்கிறார். வேறொரு டாக்டர் பராக்ஸெடினைச் சேர்க்கிறார். சில நாட்களில் வாய் உலர்கிறது, நெஞ்சு படபடக்கிறது, பசி போய்விடுகிறது, சிறுநீர் கழிக்கச் சிரமமாகிறது, இரவில் தூக்கமில்லை. புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் தீர்மானித்துவிடுவார்கள். உண்மையில் கூடியிருப்பது பழைய மாத்திரையின் அளவு. ஒரு மாத்திரைகூட அதிகமாக விழுங்காமலே பல மடங்கு விழுங்கியதற்குச் சமமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்தே கொடுக்கவேண்டிய நிலையில், பெரியவர்களுக்கு அடோமாக்ஸெடினை 40 மில்லிகிராமில் தொடங்கி, 4 வாரம் பார்த்து, போதவில்லை என்றால் மட்டுமே 80க்கு உயர்த்த வேண்டும் என்பது விதி. சீட்டை எழுதுகிறவருக்கு மற்ற சீட்டு தெரிந்தால்தானே விதி நினைவுக்கு வரும்!

இப்போது அதே இளைஞர் கோபத்தில் பராக்ஸெடினை ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. முதலாவதாக, திடீரென்று நிறுத்தியதால் வரும் விலகல் தொல்லை. தலை சுற்றும். குமட்டும். எரிச்சல் வரும். விசித்திரமான கனவுகள் வரும். தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்ந்தது போல இருக்கும். இரண்டாவதாக, அடைபட்டிருந்த கவுண்டர் திறந்துவிட்டதால் அடோமாக்ஸெடினின் அளவும் சரிகிறது. பராக்ஸெடின் இருந்ததால் அதன் அளவை டாக்டர் குறைத்து வைத்திருந்தால், இப்போது அது போதாமல் போகும். மறதி, கவனச்சிதறல் எல்லாம் திரும்பி வரும். மூன்றாவதாக, மனச்சோர்வு நோயே திரும்புகிறதோ என்ற பயம். மூன்றும் கலந்து நிற்கும்போது எது எதனால் என்று தெரியாமல் புதிதாக இன்னொரு மாத்திரை சேர்க்கப்படுவதும் உண்டு.

பிரித்தறிய ஓரளவு உதவுவது காலண்டர்தான். விலகல் தொல்லை மாத்திரையை விட்ட சில நாட்களுக்குள் வந்துவிடும். விட்ட மாத்திரையை மறுபடி தொடங்கினால் ஓரிரு நாளில் அடங்கும். மனச்சோர்வு திரும்புவது பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல நடக்கும். தலைக்குள் மின்சாரம் பாய்வது அதன் குறியல்ல. ஃப்ளுவாக்ஸெடின் மட்டும் இந்தக் கணக்குக்கு விலக்கு. அது உடம்பைவிட்டுப் போக 5 வாரங்கள்வரை ஆகும். ஆகவே விலகல் தொல்லை குறைவு. ஆனால் கவுண்டரும் அத்தனை நாள் அடைபட்டே இருக்கும். மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கழித்து மகனின் கவனம் சிதறுகிறது என்றால் இதையும் நினைவில் கொள்ளுங்கள். வென்லாஃபாக்ஸினும் பராக்ஸெடினும் நேர் எதிர். ஓரிரு வேளை தவறினாலே சிலருக்குத் தலை கிறுகிறுக்கும்.

எல்லோருக்கும் இப்படி வருமோ என்று அஞ்ச வேண்டாம். 2024ல் லான்செட் சைக்யாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இம்மருந்துகளை நிறுத்தியவர்களில் 100க்கு 31 பேருக்கு ஏதாவது ஒரு தொல்லை இருந்தது. வெறும் போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 பேருக்கு இருந்தது! கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் 100க்கு சுமார் 3 பேர். அந்த மூவரில் ஒருவர் நம் வீட்டில் இருந்தால் புள்ளிவிவரம் ஆறுதல் தராது என்பதும் உண்மையே.

நிறுத்தும் முறை பற்றியும் இப்போது கருத்து மாறியிருக்கிறது. 2019ல் ஹொரோவிட்ஸ், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அதே இதழில் ஒரு விஷயத்தை விளக்கினார்கள். இம்மருந்துகள் சிறு அளவிலேயே மூளையில் தம் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. ஆகவே 20லிருந்து 10க்கு வருவது எளிது. 5லிருந்து பூஜ்யத்துக்கு வருவதுதான் கடினம். கடைசிப் படிகளைச் சின்னச் சின்னதாக, வாரங்கள் அல்லது மாதங்கள் எடுத்து இறங்க வேண்டும். இரண்டு மருந்தையும் ஒரே சமயத்தில் குறைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். அப்போதுதான் எது எதனால் என்று டாக்டருக்கும் விளங்கும்.

மெத்தில்ஃபெனிடேட் அந்தக் கவுண்டருக்கே போவதில்லை. அதனால் மனச்சோர்வு மருந்துகளோடு மோதல் குறைவு. ஆயினும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அது கொஞ்சம் ஏற்றும். வென்லாஃபாக்ஸினும் ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் அவ்வப்போது ரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம். சாதாரண வகை மெத்தில்ஃபெனிடேட் 3, 4 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீரும் நேரத்தில் சில பிள்ளைகள் அழுவார்கள், எரிந்து விழுவார்கள். இதை மனச்சோர்வு முற்றிவிட்டதாகக் கருதி அந்த மருந்தைக் கூட்டச் சொல்லிப் பெற்றோர் கேட்பதுண்டு. அழுகை எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டினால் விடை கிடைத்துவிடும்.

நம் ஃபில்டர் காப்பிக்கும் இதில் பங்குண்டு. நெஞ்சு படபடப்பை அது கூட்டும். மன உளைச்சலுக்கும் திரும்பத் திரும்பச் செய்யும் கோளாறுக்கும் தரப்படும் ஃப்ளுவாக்ஸமின் சாப்பிடுகிறவர்களுக்குக் காப்பியின் காஃபின் உடம்பில் தங்கும் நேரம் பல மடங்கு நீள்கிறது. காலை ஒரு டம்ளர் போதும்.

அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. புது மருந்து சேர்த்த அல்லது அளவு கூட்டிய ஓரிரு நாளில் காய்ச்சல், கொட்டும் வியர்வை, கை கால் நடுக்கம், தசை துடிப்பு, பேதி, குழப்பமான பேச்சு ஆகியவை சேர்ந்து வந்தால் அது செரோடோனின் மிகுதியாக இருக்கலாம். இது அபூர்வம். ஆனால் ஆபத்தானது. டிராமடால் என்ற வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து, காசநோய்க்குத் தரப்படும் லினஸோலிட் ஆகியவை இதைத் தூண்டக்கூடும். ஆகவே சளி, சுளுக்குக்குப் போனாலும் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மருந்தின் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். சிறுவர்களுக்கு அடோமாக்ஸெடினிலும் இந்த எச்சரிக்கை உண்டு. பேச்சில் மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் செல்லுங்கள். மத்திய அரசு 2022ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தில்ஃபெனிடேட் சட்டப்படி அட்டவணை எக்ஸ் மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். தனி லைசென்ஸ் உள்ள கடைகளில் மட்டுமே கிடைக்கும். சிறிய ஊர்களில் அத்தகைய கடை கிடைப்பது கஷ்டம். போனிலோ வீடியோவிலோ பார்த்து டாக்டர் இதை எழுதித் தர 2020ல் வந்த விதிகள் அனுமதிப்பதில்லை. ரயில் டிக்கெட் வாங்கும்போதே மாத்திரைகளையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். அப்படியும் தீர்ந்துபோனால் சில நாள் அசதியும் தூக்கமும் பசியும் மந்தமும் இருக்கும். தானே சரியாகும். அந்த நாட்களில், "ஒன்றுதான் இல்லையே" என்று மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு இதோடு குளோனிடின் தரப்பட்டிருக்கும். அதைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் குபீரென்று ஏறும் என்பதால், அந்த அட்டையை மட்டும் பெட்டிக்குள் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.