பூனைக்குத் தைலம் தடவாதீர்கள்!

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அப்படியொரு மழைக்காலத்தில்தான் எங்கள் வரிப்பூனை செல்லியை நான் கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்றே அல்ல, அறியாமையால்!

பெரியவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். செல்லியோ தோட்டமெல்லாம் சுற்றிவிட்டுத் தெள்ளுப்பூச்சியோடு வந்து அவள் கட்டிலில்தான் படுக்கும். பெண்ணின் காலெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. "பச்சைப் புள்ளை வரப்போற வீட்டிலே பூனை எதுக்கு? கோணியிலே கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வாங்க" என்று மாமியார் தினமும் ஒரு பாட்டம் ஆடுவார். ஐந்து வருஷம் மடியில் தூங்கிய ஜீவனை எப்படி விடுவது? பூச்சியை ஒழித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

நீலகிரியில் தைலம் இல்லாத வீடு உண்டா? வெள்ளைக்காரர்கள் 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட கற்பூர மரம் நமக்குக் கொடுத்த சீதனமாயிற்றே! சளிக்கும் அதுதான், மூட்டுவலிக்கும் அதுதான். பூச்சிக்கும் அதுவே என்று நினைத்து, தேங்காய் எண்ணெயில் கலந்து செல்லியின் உடம்பு முழுக்கத் தேய்த்துவிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. நடந்தால் குடிகாரன் மாதிரித் தள்ளாட்டம். துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

"தைலமா தடவினீங்க? பூனை தன்னை நக்கித்தான் சுத்தம் பண்ணிக்கும். மேலே தடவினதெல்லாம் வயித்துக்குள்ளே போயிடும்மா" என்றார் அவர். நம் ஈரல் முறித்துவிடுகிற பல பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாதாம். தைலம், பினாயில், பாரசிட்டமால் எல்லாமே அதற்கு விஷம். நாய்க்கென்று விற்கிற சில பூச்சி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பட்டால் பூனைக்கு வலிப்பே வந்துவிடுமாம். வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுத் தைலத்தைக் கழுவி, இரண்டு நாள் வைத்தியம் பார்த்துப் பிழைக்க வைத்தார். அதன் ஆயுளில் செல்லி குளித்தது அந்த ஒரு தடவைதான். இந்தக் குளிரில் பூனையைக் குளிப்பாட்டவே தேவையில்லை என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. மழையில் நனைந்து வந்தால் துவட்டிவிட்டால் போதும்.

தேவையானது சீப்பு! ஒரு பேன் சீப்பை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். சாப்பிட்டுச் சொக்கியிருக்கும் நேரம் பார்த்து, கழுத்திலிருந்து வால் வரை முடி படிந்த பக்கமாகவே வாருங்கள். வயிற்றில் கை வைத்தால் பிராண்டும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் இருக்கட்டும். சீப்பில் வரும் பூச்சியை உடனே அதில் முக்கிவிட வேண்டும், விட்டால் குதித்துவிடும். சீப்பில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக வந்தால் ஈரப்பஞ்சில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது பூனையின் ரத்தம்தான். உதிரும் முடி சீப்போடு வந்துவிடுவதால், அதை விழுங்கி வாந்தியெடுப்பதும் குறையும்.

ஆனால் பூச்சியின் முட்டையும் புழுவும் பெரும்பாலும் பூனைமேல் இருப்பதில்லை, படுக்கையிலும் பாயிலும்தான் இருக்கின்றன. வெயில் இல்லாத ஊரில் என்ன செய்வது? விரிப்புகளைக் கொதிக்கும் நீரில் அலசி, இஸ்திரி போட்டேன். டாக்டர் எடை பார்த்துக் கொடுத்த பூனை மருந்தைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் விட்டேன்.

நகத்தில் வெள்ளையாக இருக்கும் நுனியை மட்டும் நறுக்குங்கள். உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு ரத்தக்குழாய். காதுக்குள் காப்பித்தூள் போல அழுக்கு இருந்தால் குச்சி விட்டுக் குடையாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள் பூனையின் மண்தொட்டியைத் தொட வேண்டாம். அதன் கழிவிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம். கழித்து ஒரு நாளாவது ஆன பிறகே அந்தக் கிருமி தொற்றும் என்பதால், வேறு யாராவது தினமும் அள்ளிப் போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என் கணவருக்கு!

பூனை பிராண்டினாலோ கடித்தாலோ மஞ்சள் அப்பிக்கொண்டு உட்காராதீர்கள். வெறிநோய் பூனையாலும் வரும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இந்த நோய்க்குத் தடுப்பூசி தயாரித்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-லிருந்து எங்கள் சிம்ஸ் பூங்கா பக்கத்தில்தான் இருக்கிறது. அதைத் தினமும் தாண்டிப் போகிற நானே செல்லிக்கு ஊசி போடாமல் இருந்தேன், பாருங்கள்! இப்போது டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் போடுகிறோம்.

பேரன் பிறந்து, தொட்டில் கட்டிய அறைக்குள் மட்டும் செல்லிக்கு அனுமதி இல்லை. வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். மார்க்கெட்டில் விடச் சொன்ன மாமியார், "சீப்பை எடுத்துட்டு வாடி, இதுக்குத் தலை வாரணும்" என்கிறார்.